இடப்பக்கத்து எடை

இவோர் ப்ரிட்சர்டுக்கு எடைப் பைத்தியம். தன் எடையைப் பற்றியல்ல. தன் தொப்பையை அவன் செல்லப்பிள்ளையைப் போல வளர்த்து வந்தான். யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் முகம் சுருங்கிவிடும். பைத்தியமெல்லாம் காரின் மேல்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்புப் பந்தயக் கார் அது. கல்யாணமான புதிதில் அவனும் நெரிஸும் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கிவந்து வீட்டுக் கொட்டகையில் தாங்களே கூட்டியது. பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். கம்பளம் போயிற்று, ஹீட்டர் போயிற்று. போல்ட் நீளமாக இருந்தால்கூட நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருப்பான்.

"ரெண்டு பன்னைக் குறைச்சா இதெல்லாம் வேணாமே" என்று அவனிடம் சொல்லாத ஆள் அந்த மலையேற்றக் கார்ப் பந்தயக் கிளப்பில் கிடையாது.

வேல்ஸ் எல்லையோரக் கிராமங்களில் அந்தப் போட்டிக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. குறுகலான மலைச்சாலை, ஒரு நேரத்தில் ஒரு கார், கீழிருந்து உச்சிவரை எத்தனை வினாடி என்பதுதான் கணக்கு. இருவருக்கு ஒரே கார் என்பதும் அங்கே சகஜம். முதலில் மனைவி மேலே போய் இறங்கி வருவாள். டயர் சூடு ஆறுவதற்குள் கணவன் ஏறிக்கொள்வான். வேகமானவருடைய உடம்புக்குத்தான் காரைச் சரிசெய்வார்கள், மற்றவர் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். ப்ரிட்சர்ட் வீட்டில் வேகமானவள் நெரிஸ்தான். அதில் இவோருக்கு வருத்தம் எதுவுமில்லை, உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும் சொல்ல மாட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் கண் பேட்டரியின் மேல் விழுந்தது. பழைய ஈயப் பேட்டரி, காரின் மூக்கில் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எடை குறைந்த ஒன்றை வாங்கி, காலியாக இருக்கும் இடப்பக்க இருக்கைக்குப் பின்னால் வைப்பதென்று முடிவுசெய்தான். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் நகர்த்தி நகர்த்தி நெரிஸுக்குப் பாடம் நடத்தினான்.

"நீ வலது பக்கம் உட்கார்றே. அதனால வலது சக்கரம் ரெண்டுக்கும் சுமை ஜாஸ்தி. உனக்கு எதிரா, இடது ஓரத்துல பேட்டரி. தராசுல ஒரு தட்டுல நீ, இன்னொரு தட்டுல அது."

"அப்போ நான் மளிகைச் சாமானா?"

"விலை ஒசந்த மளிகை. அதனாலதான் சொல்றேன், நீ இளைச்சா அதை நடுவுக்குத் தள்ளணும், ஊதினா ஓரத்துக்குத் தள்ளணும். ஒழுங்கா இப்படியே இரு."

நெரிஸ் சிரித்தாள். அந்த வாரம்தான் மாவட்ட மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, கணையத்தில் வளர்ந்திருப்பது என்ன என்று சொல்லியிருந்தாள். அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். மரங்கள் இலை உதிர்க்கும் காலம்வரை இருந்தால் பெரிது. டாக்டரம்மா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். நெரிஸ் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏப்ரல் கடைசியில நான் கார் ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டலாமே" என்றாள் டாக்டரம்மா. கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவாள் என்று நினைத்துக்கொண்டாள்போல. நெரிஸ் திருத்தவில்லை.

வீட்டில் பல் டாக்டரைப் பார்க்கப் போனதாகச் சொல்லிவிட்டாள்.

கட்டின புருஷனிடம் சொல்லாமல் மறைப்பாளா ஒருத்தி என்று கேட்கிறவர்களுக்கு இவோரைத் தெரியாது. அவன் அம்மா படுத்த படுக்கையானபோது, கொட்டகையைப் பூட்டி, வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டவன் அவன். மாத்திரை, சூப், தலையணை, மறுபடி மாத்திரை. கிண்டல் நின்றது, சண்டை நின்றது, வீட்டில் சிரிப்பே நின்றது. ஒருநாள் கிழவி நெரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லும்மா. பாத்துப் பாத்தே என்னைக் கொல்றான்" என்றாள்.

அப்படிப் பார்க்கப்பட நெரிஸுக்கு மனமில்லை. அவளுக்கு வேண்டியது சாதாரணமான ஒரு வசந்தம், அவ்வளவுதான். அவன் ஸ்பானரைத் தொலைத்துவிட்டு அவளைத் திட்ட வேண்டும். அவள் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும். பிரின்கோக் மேட்டில் வருடத்தின் முதல் போட்டி நடந்து முடியட்டும், அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் தெரிந்துபோனால் அந்த வசந்தம் அவளுக்குக் கிடைக்காது.

கம்பளிச் சட்டைக்குமேல் சட்டை போட்டு உடம்பை மறைத்தாள். தட்டில் மிச்சம் வைப்பதை அடுத்த வீட்டு நாய்க்குப் போட்டாள். இதெல்லாம் எளிது. ஆனால் தராசு இருக்கிறதே, அதை எப்படி ஏமாற்றுவது?

பேட்டரி வைக்கும் இடத்தை முடிவுசெய்ய, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் தலா ஒரு தராசுப் பலகையை வைத்து, ஓட்டுகிறவரை இருக்கையில் உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பூஜை மாதிரி. அவள் எடை போன வருடம் எவ்வளவு என்று இவோருக்கு மனப்பாடம். குளியலறைத் தராசில் அவள் ரகசியமாக ஏறிப் பார்த்தபோது பதினொரு கிலோ காணாமல் போயிருந்தது.

கொட்டகை மூலையில் கூரை வேலைக்கு வாங்கி மிஞ்சிய ஈயத்தகடு சுருண்டு கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி முதலில் இடுப்பில் கட்டிப் பார்த்தாள். கார் இருக்கையின் பட்டைக் கொக்கி வயிற்றின்மேல் உட்காரவில்லை, உடனே மாட்டிக்கொள்வாள். ஆகவே கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டினாள், மிச்சத்தைக் காலணிக்குள் திணித்தாள், மேலே ஓட்டுநர் அங்கியை இழுத்து விட்டாள். கொட்டகைவரை நடப்பதற்குள் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது.

"வா வா, அம்மணி" என்று இவோர் வரவேற்றான். "ஏறு. மூச்சை இழுத்துப் பிடிச்சு ஏமாத்தாதே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளப்பிலிருந்து இரவல் வாங்கிய தராசின் எடைகாட்டும் பெட்டியில் அவன் எண்களைப் பார்த்தான். மொத்தத்தில் காரைக் கழித்தால் அவளுடைய போன வருடத்து எடைதான், கிராம் பிசகவில்லை.

"அடேயப்பா. கிறிஸ்துமஸ் புட்டிங்கெல்லாம் எங்க போச்சு?"

"உன் வயித்துக்குத்தான்."

அவன் சிரித்தான். பிறகு நான்கு மூலை எண்களையும் தனித்தனியாகப் பார்த்தான். அவளை இறங்கி ஏறச் சொன்னான். சாய்ந்து உட்காரச் சொன்னான். பலகைகளைத் துணியால் துடைத்து, மட்டம் பார்த்து, மறுபடி ஏற்றினான்.

"சனியன் பிடிச்ச பெட்டி" என்றான் கடைசியில். "கிளப்புக்காரனுங்க சேத்துல போட்டுப் பொரட்டிட்டானுங்க. போகட்டும், இது போதும்."

வாங்கி வைத்திருந்த ஜெல் பேட்டரியை இடது ஓரத்துக் கடைசியில் வைத்து முடுக்கினான். பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் எடை. அதைவிட லேசான லித்தியம் பேட்டரி சந்தையில் இருந்தது. இவோர் அதைத் தொட மாட்டான். "அது மகாராணி. குளிரடிச்சா எழுந்திருக்க மாட்டா. தனி சார்ஜர், தனி உபசாரம். எவன் சேவகம் பண்றது?" என்பான்.

நெரிஸ் குளியலறையில் ஈயத்தை அவிழ்த்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் வந்த அழுகை அது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை அவள் ஆசை ஆசையாக அனுபவித்தாள். இவோர் என்றைக்குமில்லாத அளவு எரிந்து விழுந்தான். பேட்டரி பின்னால் போனதால் எஞ்சின்வரை நீளமான தடித்த கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. மிச்சப்படுத்திய எடையில் ஒரு பங்கைக் கேபிளே தின்றுவிட்டதென்று புலம்பினான். மஞ்சள் டேப்பைக் காணோம் என்று கத்தினான். ஸ்பானரைக் காணோம் என்று வீட்டையே இரண்டாக்கினான். அவள் சமையலறையில் நின்றபடி, "உன் தலையையும் எங்கேயாவது வெச்சிருப்பே, தேடு" என்று பதிலுக்குக் கத்தினாள். வலி வந்தால் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் பல்லைக் கடித்துக்கொள்வாள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் தன் அக்கா மெய்ர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். ஆனாலும் அது நல்ல வசந்தம்தான். வேலியோரம் முழுக்க மஞ்சள் பூ பூத்திருந்தது.

போட்டி நாள் காலையில் பிரின்கோக் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நெரிஸ் ஈயத்தை எடுத்துவரவில்லை. மலையில் யாரும் எடை போடப் போவதில்லை, காலில் ஈயத்தோடு பிரேக்கை மிதிக்கவும் முடியாது. கார் தன் பழைய உடம்புக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது, இந்த உடம்புக்கு அது சரியாக நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். வளைவில் அழுத்திப் பிரேக் பிடித்தால் ஒரு முன்சக்கரம் உருளாமல் நின்று வழுக்கும். கொஞ்சம் முன்கூட்டியே பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தாள்.

பெயர் பதிந்துவிட்டு, பன்றி வறுவல் வைத்த பன் இரண்டோடு திரும்பி வந்தாள். பட்டப்பகலில் காரின் முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டிகளைச் சோதிக்கும் மெர்வின் இருக்கைக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"லித்தியமா? நீயா வாங்கின? நாளைக்குப் பட்டினி கிடந்து இளைக்கவும் போறியா?"

"வாயை மூடிட்டு, எர்த் கம்பியில மஞ்சள் டேப் இருக்கான்னு பாரு. அதுதான் உன் வேலை."

"விளக்கு எதுக்குய்யா?"

"குளிர்ல தூங்குது. கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டாத்தான் உடம்பு சூடேறி முழிக்கும்."

நெரிஸ் எட்டிப் பார்த்தாள். ஜெல் பேட்டரி இருந்த இடம் காலி. அரை ரொட்டி அளவில் கறுப்பாக ஒன்று, ஓரத்திலும் இல்லாமல், நடுவை நோக்கி நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

"எப்போ மாத்தின?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை. நீ மெய்ர் வீட்டுக்குப் போயிருந்தப்ப."

"என்னை உட்காரவெச்சு எடை பாக்காமலா?"

"கணக்குப் போட்டுத்தான் வெச்சேன்."

"எந்தக் கணக்கு? உனக்கு என்ன கிறுக்கா? எல்லாம் சரியா இருந்துதே."

"ஹெல்மெட்டை மாட்டு, நெரிஸ்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு கிராமுக்கு ஆசைப்பட்டு, மாதக்கணக்கில் செய்த வேலையைக் கடைசி நேரத்தில் கெடுத்துவைத்திருக்கிறான் மனுஷன். இது தன் கடைசி ஏப்ரல் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

தொடக்கக் கோட்டில் கார் பின்னால் உருளாதபடி பின்சக்கரத்துக்கு ஆப்பு வைத்தார்கள். விளக்கு பச்சையானது. கார் சீறிக் கிளம்பியது. முதல் ஏற்றத்தைத் தாண்டி ஆட்டுப்பட்டி வளைவு வந்தது. அவள் சக்கரம் வழுக்கப் போகிறதென்று தோளை இறுக்கிக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். வழுக்கவில்லை. நான்கு சக்கரமும் ஒன்றுபோல் தரையைப் பிடித்துக்கொண்டன. கார் அவள் கை சொன்னபடி திரும்பியது. அடுத்த வளைவில் வேண்டுமென்றே தாமதமாகப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் வழுக்கவில்லை. அந்தக் கார் அவளுக்குக் கீழே அத்தனை நேராக எந்த வருடமும் நின்றதில்லை.

கல்வாசல் வளைவுக்குப் போகும் நேர்ப்பாதையில்தான் அவளுக்குப் புரிந்தது. லேசான பேட்டரி. நடுவை நோக்கி நகர்த்திய பேட்டரி. எதிர்த்தட்டில் உட்காருகிறவள் இளைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பதும் தெரிந்திருந்தால்தான் இவ்வளவு பொருத்தமாக வரும். அவள் மறைத்துவைத்த உடம்பு அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கால் தானாகத் தளர்ந்தது. என்ன நேரத்தில் உச்சிக் கோட்டைத் தாண்டினாள் என்று அவள் பார்க்கவில்லை. மேலே கார்களை வரிசையாக நிறுத்தும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே அழுதாள். பக்கத்துக் காரிலிருந்து ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவளும் காட்டினாள்.

அவள் காரைக் கீழே ஓட்டி வந்தபோது இவோர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவன் முகம் விழுந்துவிட்டது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"தராசு அன்னைக்கே சந்தேகம்."

"மொத்தம் சரியாத்தானே இருந்தது."

"மொத்தம் சரி. ஆனா பின்சக்கரத்துல குறையுது, முன்சக்கரத்துல ஏறுது. மனுஷங்க உட்கார்ந்தா பாரம் இடுப்புல இருக்கும், நெரிஸ். உனக்குக் கால்ல இருந்தது."

இத்தனை வருடம் அவனோடு நான்கு மூலைகளையும் எடை பார்த்தவள், தன் முறை வந்தபோது கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அசல் வெளியாள்கூடச் செய்யாத முட்டாள்தனம்.

"அப்புறம் தேடினேன்" என்றான் அவன். "துணி அலமாரிக்கு அடியில ஈயம் இருந்தது. எடுத்து எடை போட்டேன். அவ்வளவு நீ இல்லாமப் போயிருக்கேன்னு தெரிஞ்சுது. ஏன்னு மட்டும் தெரியல. வியாழக்கிழமை உங்கக்கா போன் பண்ணினா, நெரிஸ் இருக்காளான்னு. நீ அங்கதானே இருக்கணும். அப்பதான், நீ ஒளிச்சு மறைச்சுப் போறது ஆஸ்பத்திரிக்குன்னு புரிஞ்சுது. கடைக்குப் போய் இதை வாங்கிட்டு வந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல."

"நீ சொல்லலையே. நீ சொல்லாம இருக்கணும்னு நினைச்சா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"அப்போ இந்த மாசம் பூரா கத்தினது? ஸ்பானரைக் காணோம்னு வீட்டை ரெண்டாக்கினது?"

"கையிலதான் வெச்சிருந்தேன்" என்றான் இவோர்.

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. பொத்திப் பொத்திக் காப்பாற்றிய அந்த வாரங்கள் அவளுக்கு முழுசாகக் கிடைத்தன என்று நினைத்திருந்தாள். அத்தனையும் அவன் தனக்குள் அழுதுகொண்டு அவளுக்காகப் போட்ட சத்தம். அவளும் குழாயைத் திறந்துவிட்டு அவனை ஏமாற்றினாள். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, சேர்ந்து அழ வேண்டிய நாட்களைத் தனித்தனியாக அழுது தீர்த்திருக்கிறார்கள். இனி அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. இருந்ததே கொஞ்சம்தான்.

"ப்ரிட்சர்ட், அடுத்தது நீதான்" என்று தொடக்கக் கோட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"நான் ஓட்டல" என்றான் இவோர்.

"ஓட்டலைன்னா வந்து என்னன்னு கேப்பாங்க. என்னால இப்போ யாருக்கும் பதில் சொல்ல முடியாது. போ."

இறங்குவதற்காக அவள் இருக்கையின் முதுகைப் பற்றித் திரும்பினாள். பேட்டரியைத் தாங்கும் அலுமினியப் பட்டை இப்போது கிட்டத்தில் தெரிந்தது. ஓரத்தில் ஜெல் பேட்டரி இருந்த துளை. அதற்கு உள்ளே தள்ளி, இப்போது பேட்டரி நிற்கும் துளை. அதையும் தாண்டி, நடுவை நோக்கி, விரற்கடை இடைவெளியில் புதிதாகப் போட்ட இன்னும் சில துளைகள். விளிம்பில் உலோகச் சீவல்கூட உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. துளை வேண்டிய இடங்களுக்குப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். புள்ளிகள் நடுவரை போயின. துளைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

எதற்கென்று அவள் கேட்கத் தேவையில்லை. மே மாதத்து நெரிஸுக்கு ஒன்று, ஜூன் மாதத்து நெரிஸுக்கு ஒன்று. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு மிஞ்சுவாள் என்று அவன் தனியாகக் கொட்டகையில் நின்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"ஏன் பாதியில நிறுத்திட்டே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இவோர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். கழுத்துப் பட்டையை மாட்டாமல் விட்டான். அவள் இறங்கிவந்து மாட்டிவிட்டாள்.

"கை வரல" என்றான்.

நெரிஸ் பட்டையை இறுக்கிவிட்டு, அவன் அங்கிக் காலரைச் சரிசெய்தாள்.

"மிச்சத்தை நான் போட்டுக்கறேன்" என்றாள். "நீ டிரில்லை எடுத்துக் குடுத்துட்டுப் பக்கத்துல நில்லு."

ஹெல்மெட்டுக்குள் அவன் தலையை ஆட்டினான். கண் நிரம்பி வழிந்தது. அவள் துடைத்துவிடவில்லை, தானும் துடைத்துக்கொள்ளவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அழுதபடியே நின்றார்கள், தொடக்கக் கோட்டுக்காரர்கள் இரண்டாம் தடவை கூப்பிடும்வரை.